தலைப்பாடகர் மறைந்தபின்

தனித்துப் பாடுவோன் மறைந்தால் அவனுடன் அவன் பாட்டும் மறைகின்றது. கேட்டோர் நெஞ்சில் அது சிலகாலம் நின்று, பின் அந்நினைவும் தேய்கின்றது. குழுவாய்க் கூடிப் பாடுவோருள் முன்னின்று பாடியவன் மறைந்தாலோ நிலைமை வேறு. குழல் வாசித்தவன் இருக்கின்றான். தாளம் காத்தவன் இருக்கின்றான். எவ்விடத்தில் எடுப்பது, எவ்விடத்தில் நிறுத்துவது என்று பழகிய விரல்கள் பழகியவாறே இருக்கின்றன. இல்லாதது ஒரு குரல் மட்டுமே. ஆயினும், அவ்வொரு குரலை முன்னிட்டே ஏனைய யாவும் அமைந்திருந்தன. ஆதலின், அஃது இல்லாதபோது எஞ்சியோர் யாது செய்தல் தகும் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவைச் சிறிது ஆராய்ந்து என் கருத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை யான் நூலறிவு கொண்டு மட்டும் எழுதப் புகுந்தேனல்லேன். எம் ஊர் திருப்பூர். பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த அந்நகரில் உழைப்போர்க்கு வாரத்தில் இரண்டு நாள்கள் இனியவை: சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை ஒன்று, எந்திரங்கள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மற்றொன்று. எந்தையார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிறு பிற்பகலில் அவர் கத்திரி பிடிக்கும் கையால் கீபோர்டு வாசிப்பார். குழல் வாசிப்பவர் செக்கிங் பகுதியில் வேலை செய்பவர். தபலா வாசிப்பவர் சாயப்பட்டறைத் தொழிலாளி. டோலக்கும் கிதாரும் வாசிப்போர் இருவர். இவ்வைவர்க்கும் முன்னின்று பாடியவர் ஒரு பவர்டேபிள் தையற்காரர். எந்தையாரின் இளமைத் தோழர். யாம் அவரைப் பெரியப்பா என்றே அழைத்து வளர்ந்தோம். திருமண மண்டபங்களிலும், கோயில் திருவிழாக்களிலும், எம் ஆலயத்தின் கிறிஸ்து பிறப்பு விழாவிலும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அக்குழு பாடிற்று. அதனால் எவரும் செல்வராயினாரல்லர். ஆயினும் ஆறு நாள் ஓவர்லாக் ஓசையைக் கேட்ட செவிகள் ஏழாம் நாள் வேறோர் ஓசையைக் கேட்டன.

சென்ற ஐப்பசித் திங்களில் ஓர் இரவு பெரியப்பா உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அதன்பின் மூன்று திங்கள் எம் வீட்டுக் கீபோர்டு உறையினின்று வெளிவரவில்லை. தைத்திங்களில் அவிநாசியிலிருந்து ஒரு திருமண வீட்டார் வந்தனர். பழைய குழுவே வேண்டும், பழைய பாட்டுகளே வேண்டும், இயன்றால் பழைய குரலைப் போன்ற குரலே வேண்டும் என்றனர். அவர்கள் சென்றபின் எந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். அப்பொழுது யான் ஒரு வழி கூறினேன். பெரியப்பாவின் பாட்டுகள் பல என் கைப்பேசியில் பதிவாகி இருந்தன. அவற்றைக் கொண்டு கணினியால் அவர் குரலையே மீண்டும் ஆக்கலாம். புதிய பாட்டையும் அவர் பாடுவதுபோலவே பாடச் செய்யலாம். மேடையில் அதனை ஒலிக்கவிட்டு ஏனையோர் வாசித்தால் போதும் என்றேன். இக்காலத்து இளைஞன் ஒருவனுக்கு இயல்பாகத் தோன்றும் வழியே அது.

எந்தையார் சினந்தாரல்லர். சிறிது பொறுத்து, "அவன் பாடறப்போ சரணம் முடியற இடத்துல என்னைத் திரும்பிப் பார்ப்பான், கண்ணு. அதைப் பார்த்துத்தான் நான் எங்கே எடுக்கணும்னு தெரிஞ்சுக்குவேன். நீ சொல்றது யாரைத் திரும்பிப் பார்க்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை கூற இயலவில்லை. இத்தகைய இழப்பை எய்திய பிற குழுவினர் என் செய்தனர் என்று அன்றுமுதல் தேடிப் படிக்கலானேன்.

ராக் என்று வழங்கும் மேனாட்டு இசையில் இவ்வினாவுக்கு விடைகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஏனெனில் அங்குப் பாடுவோர் நால்வர் ஐவராய்க் கூடி, தாமே பாட்டு இயற்றி, தாமே வாசித்து, ஒரே பெயரால் வாழ்வர்; அவருள் முன்னின்று பாடுவோரின் முகமே குழுவின் முகமாகக் கருதப்படும். அம்முகம் மறைந்தபின் எஞ்சியோர் சென்ற வழிகள் பலவாயினும், அவற்றை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, ஒன்றும் நேராததுபோல் அவ்வாறே தொடர்தல். அமெரிக்க நாட்டு டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் 1971 சூலைத் திங்களில் பாரிசு நகரில் மறைந்தார். எஞ்சிய மூவர் அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே ஓர் இசைத்தட்டும், மறு ஆண்டில் மற்றொன்றும் வெளியிட்டனர். கருவி வாசித்தவர்களே பாடினர். பழைய பெயர், பழைய நடை. பாடுவோர் மட்டும் வேறு. கேட்போர் அதனை ஏற்கவில்லை. 1973 இல் குழு கலைந்தது. பின்னர் 1978 இல், மாரிசன் தம் கவிதைகளைத் தாமே படித்துப் பதிந்து வைத்திருந்த ஒலிக்கு அம்மூவரும் கூடி இசை சேர்த்தனர்.

இரண்டாவது, வேறொரு குரலைத் தேடிக் கொணர்தல். ஏசி டிசி என்னும் ஆஸ்திரேலியக் குழுவின் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் மறைந்தார். அவருக்குப் பதிலாகப் பிரையன் ஜான்சன் என்பவர் வந்தார். அவர் மறைந்தவரைப்போல் பாட முயன்றாரல்லர். தம் தொண்டையால் தாமாகவே பாடினார். அவ்வாண்டு சூலையிலேயே வெளிவந்த அவர்தம் இசைத்தட்டு மணியோசையோடு தொடங்குகின்றது. அதன் உறை இரங்கற் குறியாக முழுதும் கருநிறம். உலகில் மிகுதியாக விலைபோன இசைத்தட்டுகளுள் அதுவும் ஒன்று.

மூன்றாவது வழி குவீன் குழுவினர் கண்டது. அக்குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி நம் நாட்டோடு தொடர்புடையவர். பார்சி குடும்பத்தில் சான்சிபாரில் பிறந்து, மராட்டிய நாட்டுப் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் பயின்று, அங்கேயே மாணவர் குழுவொன்றில் வாசித்தவர். 1991 நவம்பரில் அவர் மறைந்தபின், அவர் பதிந்து வைத்துப்போன குரலோடு தோழர்கள் தம் கருவிகளைச் சேர்த்து 1995 இல் இறுதி இசைத்தட்டை முடித்தனர். அதன்பின் வேறு பாடகரோடு மேடையேறியபோது குழுவின் பெயரையும் பாடகரின் பெயரையும் தனித்தனியே எழுதி, இடையே ஒரு கூட்டற்குறியை இட்டனர். வந்தவர் எம்மோடு பாடுகின்றார். எம் தோழரின் இடத்தில் நிற்கின்றாரல்லர் என்பது அக்குறியின் பொருள். அச்சிறு குறியில் எத்துணை நாணயம் இருக்கின்றது!

நான்காவது வழி, பெயரையே விடுத்து வேறாகிவிடுதல். இதனை நம் பகுதியினர் சிறப்பாக அறிதல் தகும். ஏனெனில் இது நிகழ்ந்தது மான்செஸ்டர் நகரில். பருத்தி ஆலைகளால் உலகப் புகழ் பெற்ற அந்நகரின் பெயரைக் கொண்டே கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கின்றோம். அங்கு ஜாய் டிவிஷன் என்னும் குழுவில் பாடிய இயன் கர்டிஸ் 1980 மே மாதம் 18 ஆம் நாள், இருபத்துமூன்றாம் வயதில் மறைந்தார். எஞ்சியோர் மூவர். ஒருவர் குறைந்தாலும் அப்பெயரால் பாடுவதில்லை என்பது அவர்கள் முன்னரே செய்துகொண்ட உடன்பாடு. ஆதலின் நியூ ஆர்டர் என்று வேறு பெயர் சூடினர். மூவரும் மாறிமாறிப் பாடிப் பார்த்தனர். இறுதியில் கிதார் வாசித்த பெர்னார்டு சம்னர் என்பவர், விருப்பமின்றியே, பாடும் பொறுப்பை ஏற்றார். அவர் குரல் கர்டிசின் ஆழ்ந்த குரல்போன்றதன்று, மெல்லியது. அம்மெல்லிய குரலுக்கு ஏற்பவே அவர்தம் இசை மாறிற்று. கில்லியன் கில்பர்ட் என்னும் பெண்மணி புதிதாய்ச் சேர்ந்தார். மின்னிசைக் கருவிகள் புகுந்தன. துயரம் தோய்ந்த பாட்டுகளைப் பாடியோர் 1983 இல் ஆடற்கேற்ற ஒரு பாட்டால் உலகெங்கும் அறியப்பட்டனர். ஆயினும் அவர்கள் மறைந்தவரை மறந்தாரல்லர். புதிய பெயரால் வெளியிட்ட முதற் பாட்டு, கர்டிஸ் உயிரோடிருந்தபோது கூடி இயற்றியதே. அதன் சொற்கள் ஏட்டில் இல்லாமையால், தெளிவற்ற ஒலிப்பதிவினின்று அவற்றைச் செவியால் பிரித்தறிந்து பாடினர்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தில்லியில் 1990 இல் தோன்றிய இந்தியன் ஓஷன் குழுவில் தபலாவும் வாசித்துப் பாட்டும் பாடியவர் அசீம் சக்ரவர்த்தி. அவர் 2009 திசம்பர் 25 ஆம் நாள் மறைந்தார். அவர் ஒருவர் செய்த வேலைக்கு இருவரைச் சேர்த்தனர்: பாட ஒருவர், தபலாவுக்கு ஒருவர். மறுஆண்டில், அவர் உயிரோடிருந்தபோதே பதிந்த பாட்டுகளைத் திங்களுக்கு ஒன்றாக எவரும் விலையின்றிக் கேட்குமாறு வெளியிட்டனர். ஒருவர் செய்ததை மற்றொருவரால் அவ்வாறே செய்ய இயலாது என்று ஒப்புக்கொண்டமையே அவர்களை நிலைநிறுத்திற்று என்பது என் எண்ணம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். திருப்பூரின் நடுவே ஓடும் நொய்யலாறு காவிரியோடு கலக்கும் இடத்துக்கு அணித்தே உள்ளது கொடுமுடி. அவ்வூரில் 1908 இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமையால் இரயில் வண்டியில் பாடிய சிறுமி பின்னர் நாடக மேடை ஏறியதும், இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்ததும், 1927 இல் இருவரும் மணந்துகொண்டதும் பலரும் அறிந்த வரலாறு. செங்கோட்டையில் 1906 இல் பிறந்த கிட்டப்பா, கன்னையா கம்பெனி நாடகங்களால் புகழ் பெற்றவர். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்போனுக்கும் சொல் விளங்குமாறு உச்சத்தில் நின்று பாடவல்ல குரல்கள் இரண்டும். அவர்தம் உடன்பிறந்த காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். அதனை ஓர் இசைக்குழு என்பதில் பிழையில்லை.

1933 திசம்பர் 2 ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. அவர் வெள்ளாடை உடுத்து மேடையை விட்டு ஒதுங்கியதையும், எந்த ஆடவனுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டதையும் மனைவியின் கற்பொழுக்கமாகவே பலரும் பாராட்டுவர். யான் அதனை மறுக்கவில்லை. ஆயினும் அதனுள் இசைபற்றிய செய்தி ஒன்றும் அடங்கியிருக்கின்றது. வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் பாட்டு பெரும்பாலும் தருக்கமாகவே அமையும். ஒருவர் பாடி வினவுவார். மற்றவர் பாடி விடை கூறுவார். ஒருவர் ஏறிய உச்சிக்கு மற்றவரும் ஏறியாக வேண்டும். ஆதலின் கிட்டப்பா மறைந்தபோது அவ்வம்மையார் ஒவ்வொரு பாட்டிலும் பாதியை இழந்தார். மீதிப் பாதியை மட்டும் பாடுதல் எங்ஙனம்?

வேறோர் இராஜபார்ட் நடிகரை நிறுத்தி அப்பாதியை நிரப்பியிருக்கலாம். நாடக முதலாளிகள் அதனையே விரும்பியிருப்பர். சுந்தராம்பாள் அவ்வாறு செய்யவில்லை. விடை கூறுவோர் வேண்டாத பாட்டை அவர் தேர்ந்தார். தனியே அமர்ந்து கச்சேரி பாடினார். 1935 இல் நந்தனார் படத்தில், அக்காலத்தில் எவரும் கேட்டறியாத ஓர் இலட்சம் ரூபாய் ஊதியத்தில், அவர் ஏற்றது ஆடவர் வேடம், நந்தனாராகவே நடித்தார். எதிர்நின்று வேதியராகப் பாடியவர் கச்சேரி வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அங்கும் இருவர் குரல்கள் எதிரெதிர் நின்றன, ஆயினும் அஃது ஆண்டைக்கும் அடியானுக்கும் இடையே நிகழ்ந்த பாட்டு, காதலர் பாட்டன்று. பழைய இடம் வெறுமையாகவே விடப்பட்டது. புதிய இடம் ஒன்று ஆக்கப்பட்டது.

பின்னர் 1953 இல் ஔவையார். 1964 இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். அவர் ஏற்றவை முதுமையும் துறவும் அறிவும் உடைய வேடங்கள். பாடியவை இறைவனை நோக்கியும் உலகை நோக்கியும் பாடும் பாட்டுகள். 1969 இல் வெளிவந்த துணைவன் படப் பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். கிட்டப்பாவோடு அவர் பாடியது ஏறத்தாழ ஏழாண்டு. அவர் மறைந்தபின் 1980 இல் தாம் மறையும்வரை வாழ்ந்தது நாற்பத்தாறு ஆண்டு. இன்று தமிழர் நினைவில் நிற்கும் சுந்தராம்பாளின் குரல் பெரிதும் அப்பின்னாள் குரலே. இழப்பினை மூடி மறைக்காது, அவ்விழப்பிற்கு ஏற்பத் தம் இசையை மாற்றிக்கொண்டமையால் விளைந்த பயன் இது.

ஈண்டு நம் பழந்தமிழ் மரபையும் எண்ணுதல் தகும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கின் இசையை இளங்கோவடிகள் கூறுங்கால், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் நின்றன என்று ஒன்றையொன்று பின்பற்றும் முறையை நிரல்பட உரைக்கின்றார். ஒன்றைக் கேட்டே மற்றொன்று இசைக்கின்றது. இம்முறையைப் படிக்குந்தோறும் எந்தையார் கூறிய சொல்லே என் நினைவுக்கு வருகின்றது. குழுவிசை என்பது பல ஒலிகளின் கூட்டமன்று. ஒருவரை ஒருவர் கேட்டு நிற்றல்.

இனி, யான் கூறிய வழிக்கு வருகின்றேன். மறைந்தோர் குரலைக் கணினியால் ஆக்குதல் தமிழ்த் திரையிசையில் நடந்தேறிவிட்டது. 2024 இல் வெளிவந்த லால் சலாம் படத்தில் ஏ. ஆர். ரகுமான், 1997 இல் மறைந்த சாகுல் அமீது, 2022 இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவர் குரல்களையும் அவ்வாறு ஆக்கினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்துச் செய்ததாக அவர் கூறினார். அவ்வாண்டிலேயே, சனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை அவர்தம் தம்பியார் யுவன் சங்கர் ராஜா ஒரு படப் பாட்டில் அமைத்தார். உடன்பிறந்தாள் குரலை மீண்டும் ஒருமுறை கேட்க விழைந்த நெஞ்சினைக் குறைகூற எனக்கு மனமில்லை. நினைவுக்காக ஒருமுறை செய்வது ஒரு மாலை சாத்துவது போன்றது. ஞாயிறுதோறும் அக்குரலை மேடையேற்றி அதன்பின்னே உயிருள்ள ஐவர் வாசிப்பதோ வேறு. அக்குரல் அவர்களைக் கேளாது. டோலக் வாசிப்போன் களைத்துத் தாளம் தளர்ந்தால் அது பொறுத்து நிற்காது; அவையோர் மகிழ்ந்து மீண்டும் ஒருமுறை என்றால் அது முகம் மலராது. உயிரோடிருப்போர் ஐவரும் ஒரு பதிவுக்கு அடிமைகளாவர்.

இக்கருத்தை மறுப்போர் கூறத்தக்கது ஒன்றுண்டு. பணம் கொடுத்து அழைப்போர் பழைய பாட்டைப் பழையவாறு கேட்கவே அழைக்கின்றனர். கலைஞரின் துயரம் அவர்க்கு எற்றுக்கு என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஜர்னி என்னும் அமெரிக்கக் குழுவினர், தம் பழைய பாடகர் விலகிச் சென்று பல்லாண்டு கழிந்தபின், அவர் குரலை ஒத்த குரலுடைய ஆர்னல் பினேடா என்பவரைப் பிலிப்பைன்ஸ் நாட்டில் 2007 இல் இணையத்தின் வாயிலாகக் கண்டெடுத்தனர். இன்றும் பெருங்கூட்டத்தின்முன் பாடுகின்றனர். திருமண மேடையால் சிறிது வருவாய் காணும் ஏழைத் தொழிலாளரைப் பார்த்து, ஒத்த குரலைத் தேடாதே என்று கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு அறங்கூற யான் துணியேன். ஆயினும் ஒன்றை நினைவூட்டலாம். அவ்வாறு வந்தவன் தன் வாழ்நாள் முழுதும் மற்றொருவனோடு ஒப்பிடப்படுவான். நன்றாகப் பாடினால் அவரைப்போலவே இருக்கின்றது என்பர். பிழைத்தால் அவரைப்போல் வருமா என்பர். இருவகையாலும் அவனுக்கென ஒரு பெயர் இல்லை. ஓர் இளைஞனுக்கு நாம் அளிக்கத்தக்க வேலையா அது?

பின்னல் எந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால் துணியில் நெடுகக் கோடு விழும். எந்திரத்தை நிறுத்தி அதே அளவுள்ள ஊசியைப் பொருத்தினால் கோடு மறையும். துணி முன்போல் இறங்கும். எம் ஊரார் நாள்தோறும் காணும் காட்சி இது. பாடுவோனையும் அத்தகைய ஊசியாக எண்ணுவதே பிழை என்கின்றேன். அதே அளவுள்ள மற்றொரு மனிதன் உலகில் இல்லை.

ஆயின் எஞ்சியோர் செய்யத்தக்கது யாது? என் விடை இது: முதலில் சுருதியை மாற்றுக. மறைந்தவரின் சுருதிக்கு ஏற்ற ஆளைத் தேடற்க. இருப்பவரின் தொண்டைக்கு ஏற்ற சுருதியைத் தேடுக. இதனை உவமையாக மட்டும் கூறுகின்றேனல்லேன், கைத்தொழிலாகவே கூறுகின்றேன். பெரியப்பா மூன்று கட்டையில் பாடுவார். எம் குழுவினர் அதனை ஸ்கேல் என்பர். பதினெட்டு ஆண்டுகளும் குழல், தபலா யாவும் அந்த ஸ்கேலுக்கே அமைந்திருந்தன. அவருக்குப்பின் பாடத் துணிந்தவர் எந்தையாரே. பழைய நாடகத்தில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடுவது வழக்கமன்றோ? அவ்வாறே அவரும் பல்லவியில் மட்டும் மெல்லச் சேர்ந்து பாடி வந்தவர். அவர் குரல் ஒன்றரைக் கட்டைக்குமேல் ஏறாது.

கீபோர்டில் சுருதியை இறக்குதல் எளிது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஏனைய கருவிகளில் அத்துணை எளிதன்று. குழல் சுருதிக்கு ஒன்றாக வேண்டும். தாழ்ந்த சுருதிக்குரிய குழல் நீளமானது. அதன் துளைகள் இடையகன்றவை. பழகிய விரல்கள் புதிதாய்ப் பழக வேண்டும். தபலாவின் வலப்பக்கத்துச் சிறு கருவியையும் வேறாக வாங்க நேர்ந்தது. இரண்டு சனிக்கிழமைச் சம்பளத்தினின்று ஐவரும் பங்கிட்டு அவற்றை வாங்கினர். உச்சத்தில் நிற்கும் பாட்டுகள் சிலவற்றை விடுத்தனர். சிலவற்றில் உச்சமான அடிகளைக் குழலுக்கு அளித்தனர். கிதார் வாசிக்கும் இளைஞர் இரண்டு பாட்டுகளை ஏற்றார். நன்கு தெரிந்த பாட்டுகளே புதியனபோல் ஒலித்தன. மூன்று கட்டையில் வீரமாக ஒலித்த ஒரு பாட்டு, ஒன்றரைக் கட்டையில் ஆறுதல் கூறுவதுபோல் ஒலித்ததை யானே கேட்டேன்.

அவிநாசித் திருமணத்தில் அவர்கள் பாடினர். எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் இடையிலே எழுந்து சென்றார். திருமண வீட்டார் பேசிய தொகையைக் குறையாது கொடுத்தனர். மீண்டும் அழைப்பதாகக் கூறவில்லை. எனினும் ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. பெரியப்பா எப்பொழுதும் இறுதியில் பாடும் பாட்டை அவர்கள் அன்று எவரும் பாடாமல் கருவிகளால் மட்டும் வாசித்தனர். சரணம் முடியும் இடம் வந்தது. எந்தையார் தலைநிமிர்ந்து முன்னே நோக்கினார். அங்கு ஒருவரும் இலர். கணப்பொழுதில் அவர் பக்கத்தே திரும்பினார். குழல் வாசிப்பவர் அவரை நோக்கித் தலையசைத்தார். பாட்டு நில்லாது தொடர்ந்தது.

இதனை நம் கல்லூரி மலரில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பாடகர் பிரிந்துபோதல் மரணத்தால் மட்டும் நிகழ்வதன்று. ஆண்டுதோறும் தேர்வு முடிந்தவுடன் கல்லூரிப் பாடற்குழுவும் இசைக்குழுவும் தத்தம் சிறந்த குரலை இழக்கின்றன. சூன் திங்களில் புதிதாய் நிற்பவரைப் பார்த்து, சென்ற ஆண்டு பாடியவர்போல் வருமா என்று நாம் கேட்கின்றோம். அப்புதியவர் கூச்சத்தால் முன்னவரின் சுருதியிலேயே நின்று தொண்டையை வருத்திக்கொள்கின்றார். மாணவ நண்பர்களே! வருகின்ற ஆண்டில் அவ்வாறு கேளாதிருப்போம். முதல் நாளிலேயே, உனக்கு எந்தச் சுருதி இயல்பு என்று கேட்போம். பழைய மாணவராய் விழாவுக்கு வரும் பெரியோர்களே! தங்கள் காலத்துக் குரலைத் தாங்கள் மறக்க வேண்டுவதில்லை. எங்கள் காலத்துக் குரலுக்கும் செவிசாய்த்தருளுக.

எம் வீட்டில் ஞாயிறு பிற்பகலில் மீண்டும் இசை ஒலிக்கின்றது. முன்னிருந்ததினும் அது தாழ்ந்த இசை. அதனைத் தாழ்ச்சி என்று எண்ணிய நான் இன்று அவ்வாறு எண்ணுகின்றேனல்லேன். பெரியப்பாவின் குரல் என் கைப்பேசியில் பதிந்தவாறே இருக்கின்றது. சிலபொழுது விடுதியில் தனித்திருந்து கேட்பேன். அதற்கு அதுவே தக்க இடம் என்பது என் துணிபு.